மூலைப் பெட்டி

காஜா பெராங், மலாக்கா
10-2-1957

சௌபாக்கியவதி சிவகாமசுந்தரிக்கு சேதுராமன் எழுதிக்கொண்டது.

இங்கு நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய். தங்கை வீட்டில் உனக்கு என்ன குறை? கோகிலா தாங்குவாள், அவள் கணவர் சேதுபதி ரயில்வேப் பட்டறைக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். பொங்கல் முடிந்து நீ பஸ் ஏறி இன்றோடு இருபத்தைந்து நாளாகிறது. அதைப்பற்றி எழுத நான் உட்காரவில்லை. ஒரு காரியத்துக்கு உன் சம்மதம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேவதாஸ் என்று ஒரு கிராணி, கணக்கு எழுதுகிறவன், இருக்கிறான். ஒரு நில வழக்குக்குச் சாட்சியாகக் கோர்ட்டுக்கு வந்தான். அவன் சொன்னதை நான்தான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். வெளியே வந்ததும், "சார், நீங்க கிராமபோன் பிளேட்டுப் பைத்தியமாமே?" என்றான். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "எல்லாரும்தான் சொல்றாங்க" என்றான். எல்லாரும் என்றால் யார் யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். அவனுடைய துரை மலாயாவுக்குச் சுதந்திரம் வருமுன்பே மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போய்விட்டார். போகும்போது தம்முடைய ஒலிபெருக்கிப் பெட்டியை இவனுக்குக் கொடுத்துவிட்டாராம். யுத்தத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்தது, மார்பு உயரம், தூக்க நாலு ஆள் வேண்டும். அதன் அருமை தெரிந்தவர்கள் அந்த நாளிலேயே அதற்கு ஒரு மோட்டார் சைக்கிள் விலை கொடுத்தார்களாம். அதை எனக்குக் கொடுக்கிறேன் என்கிறான். பணம் வேண்டாமாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சிங்கப்பூரில் வாங்கிய புதிய சின்னப் பெட்டியைக் கொடுத்தால் போதுமாம்.

புதியதைக் கொடு, பழையதை இன்னும் உயர்ந்தது என்று எடுத்துக்கொள் என்கிறான். இருபத்தெட்டு வருஷம் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். இப்படிப் பேசுகிறவனுக்கு உள்ளே வேறு காரணம் இல்லாமல் இராது.

ஆனாலும் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அந்தப் பெட்டியைச் சுவர் மூலையில்தான் வைக்கவேண்டுமாம். இரண்டு சுவர்களும் சேர்ந்தால்தான் அதற்குத் தொண்டையாம், நடுவில் வைத்தால் ஊமையாம். நம் முன்ஹாலில் ஒரு மூலையில் வாசல், ஒன்றில் ஜன்னல், ஒன்றில் சாமி. மிச்சம் இருப்பது உன் கண்ணாடி அலமாரி நிற்கும் மூலை. உன் அம்மா வீட்டு அலமாரி என்பதால் கேட்கிறேன். நகர்த்தலாமா, கூடாதா?

பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிப் பெண் மீனாச்சி தினமும் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "சிவகாமி பிலா பாலெக்?" என்று மலாயில் கேட்கிறாள். நீ எப்போது திரும்புவாய் என்பதில் அவளுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
சேதுராமன்


செந்தூல், கோலாலம்பூர்
16-2-57

அத்தான் அவர்களுக்கு,

நலம். கார்டில் எழுதுகிறேன் என்று வருந்தவேண்டாம். கோகிலா எனக்கு எழுதிய கடிதங்களை ஒரு வருஷமாகக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து, படித்து, சோற்றுப் பசையால் ஒட்டிவைத்தீர்களே. இனி அந்தச் சிரமம் உங்களுக்கு இல்லை.

அலமாரியை நகர்த்த என்னை எதற்குக் கேட்கிறீர்கள்? நகர்த்தினால் நான் வரமாட்டேன் என்று நினைக்கிறீர்களா, நகர்த்தாமல் இருந்தால் வருவேன் என்று நினைக்கிறீர்களா? அதை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டியைக் காதால் கேட்காமல் வாங்கவேண்டாம். அவர் போடும் பிளேட்டை நம்பாதீர்கள், அது உங்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. அப்பா கொடுத்த வயலின் பிளேட்டைக் கொண்டுபோங்கள். மீனாச்சி என்னிடம் பிரியமாக இருப்பவள், அவளிடம் எரிந்து விழாதீர்கள். இஞ்சி ஊறுகாய் மேல்தட்டில் இரண்டாவது ஜாடி.

சிவகாமி


காஜா பெராங்
4-3-1957

சிவகாமசுந்தரிக்கு,

உன் கார்டைப் போஸ்ட்மேன் படித்துவிட்டுத்தான் கொடுத்தான். "இஞ்சி ஊறுகா கெடச்சிச்சா சார்?" என்று கேட்கிறான். கெட்டில் விஷயத்தையும் படித்திருப்பான். உனக்கு அதுதானே வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரம்பாய் போனேன். பிளேட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பஸ் கண்டக்டர், "என்னா சார், தோசைக்கல்லா?" என்றான். 

தேவதாஸின் வீடு பலகை வீடு. பெட்டி நடுக்கூடத்தில் நிற்கிறது, அதன்மேல் முறத்தில் அப்பளம் காய்கிறது. நான் முதலில் பின்பக்கம் போய்த் திருகாணிகளைப் பார்த்தேன். நான்கில் மூன்றின் தலையில் புதுக் கீறல்.

"இதை யாரோ கழற்றியிருக்கிறார்கள்."

"தொர கழட்டுவாரு சார். உள்ளே காகிதக் கூம்பு கிழிஞ்சிருச்சு, காத்தாடிக் காகிதம் வாங்கிட்டு வரச் சொல்லி அவரே ஒட்டினாரு."

"ஒட்டிய பெட்டி என்று நீ கோர்ட்டு வாசலில் சொல்லவில்லையே?"

"நீங்க கேக்கலியே சார்."

அவன் மனைவி ருக்மணி கோப்பி கொண்டுவந்தாள். அவளைத் தனியாகக் கேட்டேன், ஏன் இதைக் கொடுக்கிறீர்கள் என்று. "இது பாடினா வீட்டுல சட்டிபானை எல்லாம் ஆடுதுங்க. போன வாரம் அடைகாத்த கோழி எழுந்திரிச்சு ஓடிப்போயி இன்னும் வரல. சின்னதா ஒண்ணு இருந்தா ஓரமா மாட்டிக்குவோம்" என்றாள். புருஷன் சொன்னதோடு ஒத்துப்போனது. இருவரும் முன்கூட்டியே பேசிவைத்திருந்தாலும் இப்படித்தான் ஒத்துப்போகும்.

தேவதாஸ் சிரித்தான். "சார், நீங்க பெட்டியக் கேக்க வந்தீங்களா, கேஸ் கேக்க வந்தீங்களா?"

நானும் அவனுமாகப் பெட்டியை மூலைக்குத் தள்ளினோம். என் பிளேட்டைப் போடச் சொன்னேன்.

அதைப்பற்றி என்ன எழுதுவது? நம் வீட்டில் இருபத்தொரு வருஷமாகக் கேட்ட தோடிதான். ஆனால் நம் பெட்டியில் வயலின் மட்டும் கேட்கும். இங்கே வயலினைப் பிடித்திருக்கிற ஆள் தெரிந்தார். வில்லை மாற்றும்போது மூச்சு விடுகிறார். நாற்காலி முனகுகிறது. பலகைச் சுவர் அதிர்ந்தது வேறு விஷயம்.

இரண்டாம் பக்கத்தில், மெதுவாகப் போகிற இடத்தில், அடியில் ஓர் இரைச்சல் வந்தது. இந்தப் பழைய வகையில் காந்தம் தானாக வேலை செய்யாது, மின்சாரம் கொடுத்தால்தான் காந்தமாகும். அதனால் இரைகிறது என்று எண்ணி, "உன் பெட்டி இரைகிறதே" என்றேன்.

"எரைச்சலா? யாரோ கூட முனகுறாங்க சார், பாட்டோடயே போகுது பாருங்க" என்றான்.

கல்யாணமான புதிதிலிருந்து நீ சொல்லிவந்த சங்கதி நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் யாரோ ஓர் ஆண் கூடவே முனகுகிறார் என்பாய். உன் அப்பா வீட்டுப் பெரிய கிராமபோனில் கேட்டதாகச் சொல்வாய். நான் இல்லை என்பேன். ஒருமுறை விருந்தாளிகளுக்கு முன்னால், "இவளுக்கு இல்லாததெல்லாம் கேட்கும்" என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

ஆனால் ஒருமுறை கேட்டதை வைத்து முடிவுக்கு வர நான் தயாரில்லை. அலமாரி இன்னும் நகரவில்லை.

சேதுராமன்


செந்தூல்
9-3-57

அத்தான் அவர்களுக்கு,

கேட்டதா? உண்மையாகவே கேட்டதா? சின்னப்பிள்ளைபோல் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். கடிதம் வந்ததும் வராததுமாகக் கோகிலாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவளுக்கும் அது நினைவிருக்கிறது. நாங்கள் இருவரும் கிராமபோன் வாய்க்குள் தலையை விட்டுக் கேட்போம், அப்பா காதைப் பிடித்து இழுப்பார். முனகுவது வேறு யாருமில்லை, வாசிப்பவரேதான் என்று அப்பா சொல்வார். வாசித்துக்கொண்டே தம்மை மறந்துவிட்டாராம். பிளேட்டுக்காரர்கள் அழிக்காமல் விட்டது நம் பாக்கியமாம்.

அது மேலே ஏறி நின்று மறுபடி இறங்குகிற இடத்தில் வரும். கீழே வந்ததும் நின்றுவிடும். அப்படித்தானே?

பலகைச் சுவர் மூலையிலேயே இப்படி என்றால் நம் வீட்டுக் கல்சுவரில் எப்படி இருக்கும்!

சிவகாமி


காஜா பெராங்
22-4-1957

சிவகாமிக்கு,

நீ எழுதியது கடிதம் அல்ல, கார்டுமல்ல, ஏறக்குறைய வாக்குமூலம். நான் எழுதியதைப் படித்ததும் கோகிலாவிடம் ஓடியதாக நீயே எழுதியிருக்கிறாய். குறித்துக்கொண்டேன். அது இருக்கட்டும்.

பெட்டி விஷயத்தை ஒழுங்காக முடித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். முதல் நாள், பிளேட் சுற்றாமல் பெட்டிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துக் காதை வைத்துக் கேட்டேன். மெல்லிய இரைச்சல் இருக்கிறது, ஆனால் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டாம் நாள் வேறு மூன்று பிளேட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். எதிலும் முனகல் இல்லை. மூன்றாம் நாள் ருக்மணியைச் சமையலறையிலும் தேவதாஸை வாசலிலும் நிறுத்தி, எந்த இடத்தில் கேட்கிறது என்று கையைத் தூக்கச் சொன்னேன். இருவரும் ஒரே இடத்தில் தூக்கினார்கள். ருக்மணி கையில் கரண்டியோடு தூக்கினாள். "இவரு வர்றப்பல்லாம் எனக்குக் கொழம்பு அடிப்பிடிக்குது" என்று புருஷனிடம் முணுமுணுத்ததும் எனக்குக் கேட்டது.

நீ சொன்னபடியேதான். ஏறி நின்று இறங்குகிற இடத்தில் வருகிறது, கீழே வந்ததும் நின்றுவிடுகிறது.

ஆகவே, வயலின் பிளேட்டைப் பொறுத்தவரை நீ சொன்னது உண்மை என்று நிரூபணமாகிவிட்டது. நம் வீட்டில் முன்பு இருந்த பெட்டியாலும் இப்போதுள்ள சின்னப் பெட்டியாலும் அந்தக் கனத்த ஒலியைக் கொடுக்க முடியவில்லை. குற்றம் பெட்டியினுடையது. உன் பேரில் அந்த விஷயத்தில் எனக்கு இனி ஐயம் இல்லை. நீ திரும்பி வரலாம்.

பெட்டியை எடுத்துக்கொள்வதென்று ஏறக்குறைய முடிவு செய்திருக்கிறேன். நீ வந்தால் அலமாரியை எங்கே வைப்பதென்று சேர்ந்து பார்க்கலாம்.

சேதுராமன்


செந்தூல்
3-5-57
(மூன்று கார்டுகளாக எழுதுகிறேன். போஸ்ட்மேன் வரிசையாகப் படிக்க எண் போட்டிருக்கிறேன்.)

1. அத்தான் அவர்களுக்கு, உங்கள் தீர்ப்பு கிடைத்தது. ஒரு நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது சோப்பைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். இருபத்தொரு வருஷம் நான் சொன்னேன், நீங்கள் நம்பவில்லை. மரப்பெட்டி சொன்னது, நம்பிவிட்டீர்கள். அதற்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குழம்பு தீய்ந்தது.

2. வயலினுக்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. உங்களுக்கு வரவேண்டிய பெரிய உத்தியோகம் ஒரு மொட்டைக் கடிதத்தால் போயிற்று. ஜப்பான்காரன் காலத்தில் அதிகாரி ஒருவன் உங்களுக்குக் கைக்கடிகாரம் பரிசு கொடுத்தான் என்று அதில் எழுதியிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நீங்கள் நம்பினீர்கள். நான் கோகிலாவிடம் சொல்லி, அவள் கணவரிடம் சொல்லி, அவர் எழுதினார் என்று கணக்குப் போட்டீர்கள். அதற்குச் சாட்சி தேடித்தான் கெட்டிலை அடுப்பில் வைத்தீர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை என்று உங்களிடம் ஒருமுறை சொன்னேன். மறுமுறை சொல்லமாட்டேன்.

3. இதற்கு ஒரு பெட்டியும் கிடையாது. எந்த மூலையில் எதை வைத்துக் கேட்டாலும் இது கேட்காது. நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் நம்ப முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் எழுதுங்கள். சுதந்திர தினத்துக்கு முன்னால் பஸ் ஏறிவிடுகிறேன். பிறகு அலமாரியை எந்த மூலைக்கு வேண்டுமானாலும் தள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை. முடியாவிட்டால் எழுதவேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

சிவகாமி


காஜா பெராங்
8-8-1957

அன்புள்ள சிவகாமி,

மூன்று மாதமாகப் பதில் எழுதாததற்கு நீ என்ன பொருள் கொண்டிருப்பாய் என்று தெரியும். எழுதினேன், நான்கு தடவை. எல்லாவற்றையும் கிழித்தேன். ஒவ்வொன்றும் எதிர்மனுப்போல இருந்தது.

ஆபீசில் என்னைவிட எட்டு வருஷம் இளையவன் எனக்கு மேல் உட்கார்ந்திருக்கிறான். காலையில் அவனுக்கு வணக்கம் சொல்லும்போதெல்லாம், இதை எனக்குச் செய்தது யார் என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வருவேன். வீட்டில் இருந்தது நீ ஒருத்திதான். கோர்ட்டில் எத்தனையோ பேர் பொய் சொல்லக் கேட்டு, அதைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். மெய் சொல்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதே மறந்துபோயிற்று. இது சமாதானம் அல்ல. நடந்தது இது என்று எழுதுகிறேன்.

கெட்டில் விஷயம். கோகிலாவின் கடிதங்கள் பதினேழைப் பிரித்தேன். ஒன்றில்கூட நான் தேடியது இல்லை. இருந்ததெல்லாம் மாவடு விலை, பிள்ளைகளின் சளி, சேதுபதியின் பல்வலி. பதினேழாவதில் கோகிலா, "அத்தான் உடம்பு தேவலையா, அவருக்குக் கசப்பு ஆகாது, பாகற்காய் போடாதே" என்று எழுதியிருந்தாள். அதையும் படித்துவிட்டு, இதற்கு வேறு பொருள் உண்டா என்று யோசித்தவன் நான். இதை உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரம்பாய்க்குப் போய்ப் பெட்டி வேண்டாம் என்று சொன்னேன். தேவதாஸ் முதலில் நம்பவில்லை. "ஆறு மாசமா சாட்சி எல்லாம் கேட்டீங்க, தீர்ப்பு சொல்லாம போறீங்களே சார்" என்றான். பெட்டியில் குறை இல்லை, நான் கேட்டதிலேயே உயர்ந்த பெட்டி அதுதான் என்று சொன்னேன். பிறகு ஏன் என்றான். மூலை இல்லை என்றேன். ருக்மணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா வர்றாங்களா சார்?" என்று கேட்டாள். நான் உன்னைப்பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. "வருவாங்க" என்றேன். அவன் இந்த மாதக் கடைசி வரை பெட்டியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறானாம், மனசு மாறினால் சொல்லச் சொன்னான்.

பண்டார் ஹிலிரில் தோரணம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் முப்பத்தொன்றாம் தேதி விசேஷ அர்ச்சனையாம். மீனாச்சி பலகாரம் செய்யப்போவதாகவும், தேங்காய் துருவ நீ வேண்டும் என்றும் மலாயில் நீளமாகச் சொன்னாள். நான் எரிந்து விழவில்லை. உன் அலமாரி நின்ற இடத்தில் நிற்கிறது. கண்ணாடியை நேற்றுத் துடைத்தேன்.

நீ சொன்னதை நம்புகிறேன். நீ சொன்னாய் என்பதற்காக நம்புகிறேன். பஸ் நிலையத்துக்கு வந்து நிற்கிறேன். எந்த நாள் என்று ஒரு கார்டு போடு.

உன் அன்புள்ள,
சேதுராமன்

பி.கு. மனசில் எதுவும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. இந்த விஷயத்தை ஒரேயடியாக மூடிவிடத்தான். நீ சொல்லவில்லை, அது முடிந்துபோன பேச்சு. ஆனால் நாற்பத்துமூன்றில் சேதுபதி நம் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தாரே, அப்போது அந்தக் கடிகாரம் உன் அலமாரியில்தானே இருந்தது? அவர் கண்ணில் பட்டிருக்க வழியில்லை என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.


செந்தூல்
14-8-57

அத்தான் அவர்களுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். படித்ததும் துணிமணிகளை எடுத்துவைத்தேன், கோகிலா பஸ்ஸுக்குப் புளிச்சோறு கட்டித்தருகிறேன் என்றாள். கடிதத்தை மடிக்கும்போதுதான் கடைசித் தாளின் பின்பக்கத்தில் இருந்த பி.கு.வைப் பார்த்தேன்.

இருபத்திரண்டாம் தேதி இங்கிருந்து மலாக்காவுக்கு ஒரு லாரி வருகிறது. டிரைவர் தெரிந்தவர். அலமாரியையும் தையல் மெஷினையும் அதில் ஏற்றிவிடுங்கள். கண்ணாடிக்குக் கம்பளி சுற்றவேண்டும். கீழ் இழுப்பறை இறுகியிருக்கும், இடதுபக்கம் ஒரு தட்டுத் தட்டினால் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், பூட்டவில்லை. மீனாச்சியிடம் நானே எழுதிக்கொள்கிறேன்.

வயலின் பிளேட் உங்களிடமே இருக்கட்டும்.

தேவதாஸ் மாதக் கடைசி வரை வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். லாரி வந்துபோனதும் மூலை காலியாகிவிடும். பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பெட்டி.

சிவகாமசுந்தரி